வலது கைக்கு ஒரு பட்டை

ஜூன் 3

சீட் கவர் கடைக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் அத்தையும் நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன். வீட்டை விட்டு வந்து ஒன்பது மாசம் கழிச்சு எழுதறேன். திரும்பி வர்றேன்னு சொல்லத்தான் எழுதியிருக்காளோன்னு ஆசையா உறையைப் பிரிச்சிருப்பீங்க. அது இல்ல. ஆனா மேல படிங்க.

எனக்கு ஒரு பட்டை தைச்சுத் தரணும். வங்கி வாசல்ல துப்பாக்கியோட நிக்கிற வேலைன்னு கிளம்பும்போதே சொல்லியிருந்தேனே, அந்த வேலைக்காகச் சுடும் கிளப்புல பயிற்சி கொடுத்தாங்க. உங்க பெண்டாட்டிக்குக் குறி நல்லா வருதாம். நானே நம்பல. ஜூலை பத்தாம் தேதி தேர்வுப் போட்டி. கிளப் அணிக்கு நாலு பேரை எடுக்கப் போறாங்க. அதுல ஒருத்தி நானா இருக்கணும்.

குப்புறப் படுத்துச் சுடும்போது, துப்பாக்கியைத் தாங்குற கையோட மேல்பாகத்துல ஒரு பட்டையைச் சுத்தி இறுக்கி, மறுமுனையைத் துப்பாக்கியோட முன்பக்கத்துல மாட்டணும். இதுக்குப் பேரு ஸ்லிங். பட்டை விறைப்பா நின்னா பாரமெல்லாம் அதுல இறங்கிடும். தசை நடுங்கும், பட்டை நடுங்காது. கிளப்புல தொங்குறது எதுவும் எனக்கு ஆகாது. எனக்கு ஏத்த மாதிரி வாங்கணும்னா வந்து சேர மூணு மாசம் ஆகுமாம். தடிச்ச நாடாவை இழை பிசகாமத் தைக்கிற ஆள் எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான்.

அளவு இதோ. வலது கைக்கு. சுற்றளவு நாப்பத்தோரு சென்டிமீட்டர். அகலம் நாலுக்கு மேல போனா போட்டியில விட மாட்டாங்க. துளி கூட இழுபடக் கூடாது. பஞ்சு வேண்டாம். தயவுசெஞ்சு எதையும் மாத்தாதீங்க.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் உங்கள் மனைவி


ஜூன் 10

அன்பு வாயாடிக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் கடையில பாதி தைச்ச சீட்டை அப்படியே போட்டுட்டு உக்காந்துட்டேன். ஒன்பது மாசமா ஒரு வரி இல்ல, வந்ததும் நாடா, அளவு, அகலம்! ‘சாப்பிட்டீங்களா’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா உன் பேனா மை தீர்ந்தா போயிடும்?

பட்டை இதோட வருது. ரெட்டைத் தையல் போட்டிருக்கேன். லாரியைக் கட்டி இழுத்தாலும் அறாது.

நாப்பத்தொண்ணுன்னு எழுதியிருந்தே. கைக்கா, தொடைக்கா? படிச்சுச் சிரிச்சேன். உன் கை எனக்குத் தெரியாதா? பீரோவுல உன் நீலச் சட்டை கிடக்கு. அதோட கையை அளந்து, ரெண்டு சென்டிமீட்டர் கூட விட்டு முப்பத்திரண்டு வெச்சிருக்கேன். அவசரத்துல வலது கைன்னும் எழுதிட்டே. கடைக்குப் பக்கத்துல பத்திரிகை விக்கிறவர்கிட்ட ஒரு விளையாட்டுப் பத்திரிகை வாங்கிப் பார்த்தேன். துப்பாக்கி பிடிச்சவங்க அத்தனை பேரும் இடது கையிலதான் மாட்டியிருக்காங்க. அதையும் திருத்திட்டேன். உள்பக்கம் மெல்லிசா பஞ்சு கொடுத்திருக்கேன். நீ வேண்டாம்னுதான் சொல்லுவே, ஆனா கை சிவந்து போனா நானில்ல பார்க்கணும்.

அம்மா உன்னைக் கேட்டுட்டே இருக்காங்க. போட்டி முடியட்டும், ஒரு மெடலை வாங்கிட்டு வா. ஷோ கேஸ்ல வெச்சுக்கலாம். உன் ஆசையும் தீர்ந்த மாதிரி இருக்கும்.

உன்,
சாப்பிட்டானான்னு கேட்க ஆளில்லாதவன்


ஜூன் 17

சீட் கவர் கடைக்காரருக்கு,

சாப்பிட்டீங்களா? கேட்டாச்சு. இனி நான் சொல்றதைக் கேளுங்க.

கை, சுற்றளவு, பஞ்சு. மூணையும் மாத்தியிருக்கீங்க. யாரோ ஒரு வாடிக்கையாளர் வந்து அளவு சொன்னா இப்படித்தான் அவர் சீட்டைத் திருத்துவீங்களா? ‘சொன்னபடி தைச்சுக் கொடுக்கறவன்’னு ஊரெல்லாம் பேர். அந்தப் பேர் பெண்டாட்டிக்கு மட்டும் செல்லாது போலிருக்கு.

சுடும்போது தடிச்ச ஜாக்கெட் போடுவோம், அதுக்கு மேல பட்டை. அதான் நாப்பத்தொண்ணு. திரும்பத் திரும்ப டேப் வெச்சு அளந்த அளவு அது. உங்க பட்டை பாதிக் கைக்கு மேல ஏறல. ஜாக்கெட் இல்லாமலே மாட்டிப் பார்த்தேன், அப்பவும் பத்து நிமிஷத்துல விரல் மரத்துப் போச்சு. அந்த நீலச் சட்டை இப்ப எனக்குப் பத்தாது. தினம் துப்பாக்கி தூக்கித் தூக்கிக் கை உருண்டு திரண்டிருக்கு. உங்க பீரோவுல இருக்கறது யாரோ ஒருத்தி கை.

பஞ்சு வேண்டாம்னு ஏன் சொன்னேன் தெரியுமா? பஞ்சு அமுங்கும், எழும்பும். நாடி துடிக்கிற ஒவ்வொரு தடவையும் குறி துள்ளும். எனக்கு வலிக்கக் கூடாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. வலிச்சா நான் சொல்ல மாட்டேனா? வாயாடிதானே நான்!

இப்ப வலது கைக்கு வர்றேன். நான் இடது கைக்காரி. இடது கையால விசையை இழுப்பேன், வலது கைதான் துப்பாக்கியைத் தாங்கும். ஏன் வலதுன்னு ஒரு வரி கேட்டு எழுதியிருக்கலாம், உங்களுக்குத் தோணவே இல்ல. கல்யாணம் ஆகி வந்த முதல் நாளே அத்தை என் இடது கையில இருந்த கரண்டியைப் பிடுங்கி வலது கையில திணிச்சாங்க. ‘பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க’ன்னாங்க. பேனா, துடைப்பம், சீப்பு, எல்லாம் வலதுக்கு மாறிச்சு. வலது கையால பால் பாத்திரத்தை இறக்கப் போய்க் கால்ல கொட்டிக்கிட்டேனே, ஞாபகம் இருக்கா? ‘எதையும் ஒழுங்கா பிடிக்கத் தெரியாது’ன்னு நீங்கதான் மருந்து போட்டுக்கிட்டே சொன்னீங்க.

இங்க வந்த முதல் நாள் பயிற்சியாளர் என் ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணைப் பொத்திப் பார்த்துட்டு, ‘உனக்கு இடது கண்தாம்மா குறி பார்க்குது, இடது பக்கமா சுடணும்’னார். அஞ்சு நிமிஷம்! எட்டு வருஷம் நீங்க பார்க்காததை அந்த மனுஷன் அஞ்சு நிமிஷத்துல பார்த்தார். ஆனா அவரும், ‘ஸ்லிங் எல்லாம் வலது பக்கமா சுடறவங்களுக்குத்தான் இருக்கு, அப்படியே பழகிக்கோ’ன்னார். பழக மாட்டேன்னேன். பழகிப் பழகித்தான் இங்க வந்து நிக்கிறேன்னேன்.

பட்டையைத் திருப்பி அனுப்பல. தையலைப் பிரிக்கப் போறேன். என் ஸ்லிங்கை நானே தைச்சுக்குவேன்.

இப்படிக்கு,
எதையும் ஒழுங்கா பிடிக்கத் தெரியாதவள்


ஜூன் 28

அன்புள்ள உனக்கு,

மூணு தடவை எழுதிக் கிழிச்சேன். முதல் தடவை எழுதினது, ‘எட்டு வருஷம் இதைப் பத்தி வாயைத் திறக்காம இருந்துட்டு இப்ப என்னைக் குத்தம் சொல்றியே’ன்னு. அதுல நியாயம் இருக்குன்னுதான் அப்ப நினைச்சேன். கோபம் உனக்கு மட்டும்தான் வருமா?

அப்புறம் ஒரு ஞாபகம் வந்தது. கடைக்கு வந்த புதுசுல நீ என் பெரிய கத்தரியை எடுத்துத் துணி வெட்டினே. எலி கடிச்ச மாதிரி வெட்டு. எல்லார் முன்னாடியும் சிரிச்சேன். அதுக்கப்புறம் நீ கத்தரியைத் தொடவே இல்ல. நீ அதை எந்தக் கையில பிடிச்சிருந்தேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். இடது கைதான்.

திங்கக்கிழமை கடையில அந்தக் கத்தரியை நான் இடது கையில பிடிச்சேன். அது வலது கைக்காரனுக்குச் செஞ்ச கத்தரி. ஒரு ஜாண் கூட நேரா வரல. கால் மணி நேரத்துல எரிச்சல் வந்து கத்தரியை வீசிட்டேன். மாத்துக் கையோட நீ எட்டு வருஷம் எதையும் வீசலையேன்னு நினைச்சப்ப வெக்கமா போச்சு.

அம்மாகிட்ட கேட்டேன். ‘அவ நல்லதுக்குத்தான் சொன்னேன்’னாங்க. ‘அவ கையில உங்களுக்கு என்னம்மா வேலை’ன்னு கேட்டுட்டேன். ரெண்டு நாளா என்கூடப் பேசல.

இதோட புதுப் பட்டை அனுப்பியிருக்கேன். வலது கைக்கு. நாப்பத்தொண்ணு. பஞ்சு இல்ல. நீ எழுதினதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் தைச்சேன்.

போட்டி முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடு. இனிமே நீ எந்தக் கையால வேணும்னாலும் வேலை செஞ்சுக்கோ. நான் அனுமதிக்கிறேன். அம்மாவை நான் பார்த்துக்கறேன்.

உன்,
கண்ணிருந்தும் பார்க்காதவன்


ஜூலை 12

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை நிதானமா எழுதணும்னு உக்காந்தேன். ‘அனுமதிக்கிறேன்’ங்கிற வார்த்தையைத் திரும்பப் படிச்சதும் நிதானம் போயிடுச்சு. அனுமதியா? என் கைக்கு நீங்க யாரு அனுமதி கொடுக்க? அத்தை பிடுங்கினதை நீங்க திருப்பிக் கொடுத்தா, அது அப்பவும் உங்க வீட்டுப் பொருளாத்தானே இருக்கும்? அதை நானே எடுத்துக்கிட்டு வந்தாச்சு.

போட்டியைச் சொல்றேன். உங்க ரெண்டாவது பட்டை முந்தின நாள் சாயங்காலம்தான் வந்தது. மாட்டிப் பார்த்தேன். இழை பிசகல. இதைச் சொல்லலேன்னா நான் பொய்க்காரி. ஆனா போட்டிக்கு நான் மாட்டினது அது இல்ல. வங்கிக்கு எதிர்த்தாப்புல செருப்புத் தைக்கிற அம்மாவோட மிஷின்ல, உங்க முதல் பட்டையோட நாடாவைப் பிரிச்சு, ஒட்டுப் போட்டு, நானே தைச்ச பட்டை. தையல் கோணல்மாணலாத்தான் இருக்கு, நீங்க பார்த்தா தலையில அடிச்சுக்குவீங்க. மூணு வாரம் அதுலதான் பழகினேன். கையில இறுக்கினதும் வலிச்சுது. வலிச்சபடியே துப்பாக்கி அசையாம நின்னுது.

அறுபது குண்டு. நாப்பதாவது குண்டு வரைக்கும் ஆறாவது இடம். பயிற்சியாளர் முகம் தொங்கிப் போச்சு. மத்த இருபதுல ரெண்டு பேரைத் தாண்டினேன். நாலு பேர் எடுத்தாங்க, நாலாவது நான். கடைசி ஆள்தான், ஆனா உள்ள இருக்கேன். பயிற்சியாளர் வந்து, ‘இடது பக்கம் சுடறவங்களுக்கு ரெண்டு ஸ்லிங் கிளப்புல வாங்கி வைக்கணும்’னார். ‘மூணு வாங்குங்க’ன்னேன்.

வீட்டுக்கு வரல. மெடலும் வரல, ஷோ கேஸ்ல வேற எதையாவது வைங்க. ஆனா நீங்க இடது கையில கத்தரி பிடிச்சதைப் படிச்சு அழுதேன். அதையும் சொல்லிடறேன். எட்டு வருஷத்துல நீங்க எனக்காகச் செஞ்சதுலயே அதுதான் பெருசு. அத்தைகிட்ட சீக்கிரம் பேசிடுங்க, வயசானவங்க.

ஞாயித்துக்கிழமை காலையில கிளப்புல பயிற்சி நடக்கும். பின்னாடி பெஞ்சு போட்டிருக்காங்க, யார் வேணும்னாலும் உக்காந்து பார்க்கலாம். கூட்டிட்டுப் போக வராதீங்க. பார்க்க வர்றதா இருந்தா வாங்க. உங்க பட்டையை அன்னைக்கு மாட்டிக்கிறேன்.

இப்படிக்கு,
இடது கைக்காரி

பி.கு.: கையெழுத்து வேற மாதிரி இருக்கேன்னு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பீங்க. இங்க வந்ததுமே மத்த எல்லாம் இடது கைக்குத் திரும்பிடுச்சு. உங்களுக்கு எழுதறப்ப மட்டும் என்னை அறியாம வலது கை பேனாவை எடுத்துக்கிட்டிருந்தது. இதுதான் என் கையெழுத்து. எழுத்து சாயும், மை கொஞ்சம் இழுபடும். பழகிக்கோங்க.