காய்ந்த வாய்க்கால்

அக்டோபர் 6, திங்கள்

காலையிலேயே வெயில். ஐப்பசி பிறக்கப் போகிறது, மேகத்தைக் காணோம்.

ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப் ஒருவழியாகக் காலி. போனவை: பெட்டி மானிட்டர் எல்லாம், கீபோர்டு ஒரு சாக்கு, செத்த பிரிண்டர், யூ.பி.எஸ். பேட்டரிகள், பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய போன், சார்ஜர், ரிமோட். எங்கள் ஊர் முருகேசனே லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். பழைய இரும்புக் கடை வைத்திருப்பவன். "எல்லாத்தையும் திருச்சி கம்பெனிக்கு அனுப்பிருவேன் டீச்சர், கவலப்படாதீங்க." எந்தக் கம்பெனி என்று கேட்டிருக்கலாம். ஊர்க்காரன் ஆச்சே, கேட்கவில்லை. மின்குப்பையைச் சேர்த்து அனுப்பியதற்கு, பிரேயரில் ஹெச்.எம். என்னை மேடையேற்றிக் கைதட்டச் சொன்னார். கூச்சம். பிடித்தும் இருந்தது.

வீட்டில் வழக்கமான சண்டை. இவர் வாசலில் பேப்பர் படிக்கிறார், கூடத்தில் ஆளில்லாமல் ஃபேன் சுற்றுகிறது. டி.வி.யில் சிவப்பு விளக்கு. எல்லாம் அணைத்தேன். "ஒங்கம்மா நான் மூச்சு விட்டாக்கூட மீட்டரப் போயிப் பாப்பா" என்று நிஷாவிடம் புகார். நிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எட்டாம் மாசம். பிரசவத்துக்கு வந்ததிலிருந்து ஊருணித் தண்ணிதான் வேண்டும், கேன் தண்ணி குமட்டுதாம். ஊருணியும் அடியில்தான் கிடக்கிறது.

அக்டோபர் 8, புதன்

துணி எடுக்கப் போனபோது ஒரு நாற்றம். முந்திரித் தோப்புப் பக்கமிருந்து. தொண்டையில் காரல்.

இவர்: "சருகு எரிக்கிறாங்க."

சருகு எரிந்தால் இப்படி நாறாது. வயர் எரிந்தால் நாறும். காயப்போட்ட துணி முழுக்க அந்த வாடை. மறுபடி அலசினேன். நிஷாவை உள்ளே போகச் சொல்லி ஜன்னலை அடைத்தேன். காரணம் கேட்டாள். கொசு என்றேன்.

மாவு தீர்ந்துவிட்டது. அயோடின் உப்பு வாங்கணும்.

அக்டோபர் 11, சனி

போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

தோப்பு ஓரத்தில் ஊருணிக்கு மழைத் தண்ணி கொண்டுவரும் வரத்து வாய்க்கால். இப்போது காய்ந்து கிடக்கிறது. அதற்குள் கருகிய வயர், சாம்பல், பிளந்து போட்ட பேட்டரிகள். ஈயத் தகட்டை மட்டும் உருவி எடுத்திருக்கிறான். ஆசிட் ஊற்றிய இடத்தில் புல் வெந்து மண் வெள்ளை பூத்திருக்கிறது. உடைந்த பேட்டரி ஓட்டில் 'லேப் 2'. என் கையெழுத்து, நான் அடித்த வெள்ளை பெயிண்ட்.

முருகேசனை ஊருணிக் கரையில் பிடித்தேன். செருப்பைக் கீழே கழற்றிவிட்டுத்தான் கரையேறி வந்தான். போன மாசம் செருப்போடு ஏறிய ஒருத்தனை அறைந்தவன் இவன்.

"என்னப்பா இது? குடிக்கிற தண்ணி."

"அட, நான் என்ன ஊருணியிலயா ஊத்துனேன் டீச்சர்? சாமி மாதிரி கும்புடுற தண்ணி. அது காஞ்ச வாய்க்காதான? மண்ணு குடிச்சிரும்."

"மழை பெய்ஞ்சா?"

"பெய்யட்டும் மொத."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இந்த ஊரில் ஊருணிக்குள் யாரும் காலைக்கூட நனைக்க மாட்டார்கள். அதற்குத் தண்ணி எந்த வழியாக வருகிறது என்று மட்டும் யாரும் நினைப்பதில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வெயில் இல்லை. காற்றும் இல்லை. புழுக்கம்.

இவரும் நானும் மண்வெட்டியோடு. வெட்ட வெட்ட வெள்ளை இறங்கிக்கொண்டே போகிறது. வெட்டிய மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இவர் கையெல்லாம் எரிச்சல். கடைசியில் நல்ல மணலைச் சாக்கில் கட்டி வாய்க்காலைக் குறுக்கே அடைத்தோம்.

பஞ்சாயத்துத் தலைவரிடம் சொன்னேன். "மழை நேரத்துல வரத்த அடச்சா ஊரே அடிக்க வந்துரும் டீச்சர். தண்ணி வந்ததும் டெஸ்டுக்கு அனுப்புவோம். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க. சாமான் ஒங்க ஸ்கூல் சாமான், ஞாபகம் இருக்கட்டும்."

வாயை மூடிக்கொண்டு வந்தேன். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மேடையில் கைதட்டு வாங்கிய மூஞ்சி.

நிஷாவிடமும் சொல்லவில்லை. பயந்துவிடுவாள். ஊருணிக் குடத்தைக் கழுவிக் கேன் தண்ணியை ஊற்றி வைத்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

வானம் ஈயம் மாதிரி. செய்தியில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு. டீக்கடையில், பஸ்ஸில், ஸ்டாஃப் ரூமில் எல்லார் முகத்திலும் சந்தோஷம்.

நிஷா: "தண்ணி ஒரு மாதிரி இருக்கும்மா. குடத்த மாத்துனியா?" இல்லை என்றேன். பாதிக்கு மேல் குடிக்க மாட்டேன் என்கிறாள். உதடு வறண்டு கிடக்கிறது. நாளைக்குச் சொல்லிவிடணும்.

இ.பி. பில் இந்த முறை குறைவு. சந்தோஷப்படத் தோன்றவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

சொல்லவில்லை.

கடைசி பீரியடில் மழை. பிள்ளைகள் கூச்சல். கந்தர்வக்கோட்டையிலிருந்து பஸ் ஊர்ந்து வந்தது. நேரே வாய்க்காலுக்கு ஓடினேன். சாக்குகள் கரையில் கிடந்தன. தண்ணி சாம்பலையும் பேட்டரி ஓட்டையும் உருட்டிக்கொண்டு கலங்கலாக ஊருணிப் பக்கம் போகிறது.

கரையில் பாக்கியம் அக்கா, பக்கத்து வீடு, முந்தானை தலையில். "எந்த எடுபட்ட பயலோ சாக்கப் போட்டு வரத்த அடச்சு வச்சிருந்தான் டீச்சர். பொம்பளைக எல்லாம் சேந்து இழுத்துப் போட்டோம்." அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னது. நானும் தலையை ஆட்டிவைத்தேன். சுற்றிலும் குலவை.

நாளைக்கு விடிந்ததும் தலைவர் வீடு. மைக்கில் சொல்ல வைக்கணும். ஸ்கூல் பேர் கெட்டால் கெடட்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை விட்டு, இளவெயில். ஊருணி முக்கால் பெருகிவிட்டது. தலைவர் முதலில் இழுத்தார். "அந்தப் பேட்டரி நான் குடுத்தது, நானே மைக்குல சொல்றேன்" என்றதும் சரி என்றார். எட்டு மணிக்கு அறிவிப்பு என்று முடிவு. மனசு கொஞ்சம் லேசு.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பாக்கியம் அக்கா, கையில் காலிக் குடம். "ராத்திரியே மோந்து, தேத்தாங்கொட்டையத் தேச்சுத் தெளிய வச்சேன் டீச்சர். புதுத் தண்ணியில மொதக் கொடம் புள்ளத்தாச்சிக்குத்தான."

கூடத்தில் நிஷா. பக்கத்தில் பெரிய செம்பு, கவிழ்ந்து. கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். துளிக் கசடு இல்லை.

"இப்பத்தாம்மா தண்ணி தண்ணி மாதிரி இருக்கு. மூணு டம்ளர் குடிச்சேன். உள்ள புள்ள ஒரே ஆட்டம்."