தொட்டு நின்ற கம்பு

இன்று காலை, அடுப்புக்கு மேலே செருகியிருந்த உங்கள் கம்பை இறக்கினேன். நீங்கள் போன பிறகு அதை நான் தொடவே இல்லை. கரி படிந்து கிடந்தது. துணியால் துடைத்ததும் அந்த வாசனை வந்துவிட்டது. தேங்காயெண்ணெய், அடுப்புப் புகை, உங்கள் உள்ளங்கை வியர்வை எல்லாம் கலந்த வாசனை. அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கலவானைக் காட்டுப் பிரம்பு என்று பெருமையாகச் சொல்லி, வாரம் தவறாமல் அதற்கு எண்ணெய் தடவுவீர்கள். என் முடிக்கு இவ்வளவு எண்ணெய் கிடைத்ததில்லை என்று நான் முனகினால், "ஒன் முடி எங்கயும் போயிராது, பிரம்பு வெடிச்சுப் போயிரும்" என்பீர்கள்.

இறக்கியதற்குக் காரணம் இருக்கிறது. சேகர் வந்துவிட்டான். உங்களை வெட்டிய அதே சேகர்தான். ஜெயிலிலிருந்து விட்டுவிட்டார்கள், கீழ் லயத்து வீட்டு வரிசையில் அவன் அம்மாவோடு இருக்கிறான் என்று உங்கள் தம்பி நேற்று சாயங்காலம் வந்து சொன்னார். "காலையில தண்ணி புடிக்க பீலிக்கு வருவான் அண்ணி. நான் பாத்துக்கிறேன், நீங்க உள்ளயே இருங்க" என்றார். அவர் பார்த்துக்கொள்வது எப்படி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நானே கம்பை எடுத்தேன்.

தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். அதற்கு முன் உங்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி. உயிரோடு இருந்தபோது நீங்கள் சண்டைக்கே வரமாட்டீர்கள், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவீர்கள். இப்போது எழுந்து போக முடியாது இல்லையா, கேளுங்கள்.

நம் கதை தொடங்கியதே கம்பில்தான். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற அதே பிரட்டுக்களத்தில்தான் மாரியம்மன் திருவிழாவுக்கு நம் ஆட்கள் கம்பு சுற்றுவார்கள். அப்பா எனக்குக் கம்பு பழக்கிவிட்டதை ஊரே நக்கலடித்துக்கொண்டிருந்த காலம். மேல் டிவிஷனிலிருந்து வந்த உங்களை எனக்கு எதிரில் நிறுத்திவிட்டார்கள். நம் பக்கத்து ஆட்டத்தில் அடிக்கக் கூடாது, தொட்டு நிறுத்த வேண்டும். நடுவர் என்றும் யாரும் கிடையாது. கம்பு யார்மேல் படுகிறதோ அவரே கையைத் தூக்கி "பட்டுச்சு" என்று சொல்ல வேண்டும். உங்கள் சட்டைக் காலரில் என் கம்பு உரசியதை யாரும் பார்க்கவில்லை. எனக்கே சந்தேகம்தான். தப்பு மேளச் சத்தத்தில் நீங்கள் பேசாமல் ஆடியிருக்கலாம். நின்றீர்கள். கையைத் தூக்கி, "பட்டுச்சு" என்றீர்கள். களமே சிரித்தது. பொண்ணு கேட்டு உங்கள் வீட்டார் வந்தபோது என் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "பொம்பளப் புள்ளகிட்ட தோத்தவனுக்கா கழுத்த நீட்டப் போற?" அவனுக்குத்தான் நீட்டுவேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் விட்டீர்களா? கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து மூச்சு விடுவதற்குள், வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்ப் பீப்பாய் மேல் ஒரு கிளாஸ் தேத்தண்ணி வைத்துவிட்டுக் கூப்பிடுவீர்கள். முழு வீச்சில் கம்பைச் சுழற்றி கிளாஸைத் தொட்டு நிறுத்த வேண்டும், தேத்தண்ணி சிந்தக் கூடாது. உங்களுக்கு அது அசையக்கூட அசையாது. நான் உடைத்த உடைப்பில், வீட்டுக்கு ஆள் வந்தால் பக்கத்துக் காம்பரா வீட்டில் கோப்பை இரவல் வாங்க வேண்டி வந்தது. எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும். "கோவம் இருக்கட்டும். கை மொதல்ல நிக்கட்டும், மனசு பின்னால வரும்" என்பீர்கள்.

கோயிலில்கூட நீங்கள் பெரிதாக எதையும் வேண்டிக்கொண்டதில்லை. உங்கள் கும்பிடு அந்தக் கிளாஸ்தான். காலையில் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, கிளாஸை ஒருமுறை தொட்டு நிறுத்திவிட்டு, அதே தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவீர்கள். குடியை விட்டதும் அதற்காகத்தான். கள்ளு குடித்த கை நிற்காது என்றீர்கள். பஸ்ஸில் யாராவது வம்புக்கு இழுத்தாலும் சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவீர்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நிற்கப் பழகிய அந்தக் கைதான் உங்களைக் கொன்றது. என் சண்டை இதுதான்.

நம் லயத்துக்குக் கீழே, ஓடைக்கரையில், சேகரும் இன்னும் சிலரும் மாணிக்கக் கல்லுக்குத் திருட்டுக் குழி தோண்டினார்கள். லயத்துச் சுவர் வெடிப்பு விட்டது. பெரிய மழை பிடித்தால் காம்பராக்கள் குழிக்குள் சரிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும், கேட்கத்தான் ஆளில்லை. நீங்கள் போனீர்கள். பின்னாலேயே நானும் வந்தேன். அன்று குழியில் சேகர் மட்டும்தான். "நிறுத்துப்பா, மேல புள்ளைங்க படுக்குற வீடு" என்றீர்கள். வாய்த்தகராறு முற்றி அவன் மம்பட்டியை ஓங்கிக்கொண்டு மேலே ஏறி வந்தான். உங்கள் கம்பு சுழன்று போய் அவன் நெற்றிப் பொட்டைத் தொட்டு நின்றது. இன்னும் ஒரு விரற்கடை போயிருந்தால் அவன் விழுந்திருப்பான். "போதும் சேகரு, போயிரு" என்று சொல்லிவிட்டுக் கம்பைத் தாழ்த்தினீர்கள். அவனும் இந்தத் தோட்டத்தில் பிறந்தவன்தான், பட்டால் கையைத் தூக்க வேண்டும் என்று தெரிந்தவன்தான். மம்பட்டியால் வெட்டினான். பலாங்கொடைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே என் மடியில் முடிந்துவிட்டீர்கள்.

ஏன் நிறுத்தினீர்கள்? அடித்திருந்தால் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்திருப்பான், நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பீர்கள். சுவரில் மாட்டிய உங்கள் படத்திடம் இதைக் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துவிட்டது.

இரத்தினபுரியில் வழக்கு நடந்தது. கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான். உங்கள் கம்பு முதலில் தலையில் விழுந்தது, உயிருக்குப் பயந்துதான் சேகர் வெட்டினான் என்பது அவன் பக்கத்து வாதம். உங்கள் தம்பி வாசலிலேயே என்னை நிறுத்தினார். "கம்பு படவே இல்லன்னு சொல்லுங்க அண்ணி. ஒரே ஒரு சொல்லு. அவன் ஆயுசுக்கும் வெளிய வரமாட்டான்." சொல்லத்தான் போனேன். கூண்டில் ஏறும்வரை அதுதான் எண்ணம். அவன் பக்கத்து லோயர் சிங்களத்தில் கேட்டார், அதுவே எனக்கு விளங்கிவிட்டது. மொழிபெயர்ப்பவர் மறுபடி தமிழில் கேட்டார். "கம்பு அவர் தலையில பட்டதா?" காலரில் உரசியதற்குக் கையைத் தூக்கி நின்ற உங்கள் முகம் முன்னால் வந்துவிட்டது. பாவி மனுஷா.

"பட்டுச்சு" என்றேன்.

தொட்டுத்தான் நின்றது, மம்பட்டியை முதலில் ஓங்கியவன் அவன்தான் என்று மீதியையும் சொன்னேன். ஆனாலும் தண்டனை குறைந்துவிட்டது. ஊர் திரும்பும்போது உங்கள் தம்பி ஒரே பஸ்ஸில் வேறு சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். மலையில் என் பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கவே பெண்கள் யோசித்தார்கள். புருஷனை வெட்டியவனுக்குச் சாட்சி சொன்னவள் என்ற பேர் எனக்கு இன்றைக்கும் உண்டு. அதற்காக நான் திட்டியதெல்லாம் உங்களைத்தான்.

இனி பீலிக்கரை. மழை விட்டு வெயில் ஏறியிருந்தது. சேகர் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். ஆள் பாதியாகிவிட்டான். என்னைப் பார்த்தான், கம்பைப் பார்த்தான், எழுந்து நின்றான். ஓடவில்லை. பெண்கள் குடங்களை விட்டுவிட்டு ஒதுங்கினார்கள். மேல்படியில் உங்கள் தம்பி செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு நின்றார். நான் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு வீசினேன். அடிக்க வேண்டும் என்றுதான் வீசினேன், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. அவன் மண்டை பிளக்க வேண்டும் என்றுதான்.

கம்பு அவன் நெற்றிப் பொட்டைத் தொட்டு நின்றது. நான் நிறுத்தவில்லை. கை நின்றுவிட்டது.

கேன் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கண்ணை மூடியிருந்த சேகர் மெல்லக் கையைத் தூக்கினான். "பட்டுச்சுக்கா" என்று சொல்லி அழுதுவிட்டான்.

இத்தனை காலமும் அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. கேட்டால் நெஞ்சு ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. அவன் அழுததைப் பார்க்க எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. கம்பை இறக்காமலே பின்னால் நடந்து படிக்கு வந்தேன். உங்களைப் போல நம்பி இறக்க எனக்கு முடியாது. உங்கள் தம்பியிடம் கையை நீட்டினேன். கத்தியைக் கொடுத்துவிட்டார். பின்னாலேயே வீடுவரை வந்து, வாசலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கோர்ட்டுக்குப் போன அந்த நாளுக்குப் பிறகு என் கையால் அவர் குடித்தது இன்றுதான்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று இனிமேல் கேட்கமாட்டேன். உங்களுக்கும் அந்த நேரத்தில் அது கையைவிட்டுப் போன விஷயம் என்று இன்று தெரிந்துகொண்டேன். அதற்காகச் சண்டை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். என் பக்கத்தில் நீங்கள் இல்லை, அவன் கீழ் லயத்தில் இருக்கிறான். நாளைக்கும் அவன் பீலிக்கு வருவான், நானும் போக வேண்டும்.

கம்புக்கு எண்ணெய் தடவிவிட்டேன். பீப்பாய் மேல் ஒரு கிளாஸ் தேத்தண்ணி வைத்திருக்கிறேன். கை நின்றுவிட்டது. மனசு இன்னும் வந்து சேரவில்லை.