படத்தில் அப்பா சிரித்தாரா?

பாசமுள்ள அப்பாவுக்கு,

இப்படித்தான் தொடங்க வேண்டுமாம். தொடங்கிவிட்டேன்.

உங்கள் வெள்ளைக்காரத் துரையின் தீவுக்குப் போய்வந்தேன். ஸ்காட்லாந்தில் தாதியாக வேலை பார்க்கும் உங்கள் பேத்திதான் கப்பலில் அழைத்துப் போனாள். மரம் என்று பெயருக்கு ஒன்று கிடையாது. காற்று ஆளையே தள்ளுகிறது. கரையிலிருந்து வெகுதூரத்தில் ஒரு பாறை, அதன் மேல் நீங்கள் வாய் ஓயாமல் சொன்ன அந்தக் கலங்கரை விளக்கம். குச்சி மாதிரி தெரிந்தது. இதற்குத்தானா அத்தனை பெருமை?

கிளம்பும்போது அம்மா புந்தோங் வீட்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் படத்துல அவரு சிரிச்சிருக்காரான்னு மட்டும் பாத்துட்டு வா லா. வேற ஒண்ணும் வேணாம்."

எந்தப் படம் என்று உங்களுக்குத் தெரியும். துரை ஊருக்குத் திரும்புவதற்கு முன் சுங்கை சிப்புட் எஸ்டேட் பங்களாப் படிக்கட்டில் நீங்களும் அவரும் நின்று எடுத்தது. அன்று காலை தம்பி அந்தோணிக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது. எஸ்டேட்டில் இருந்த ஒரே கார் நீங்கள் ஓட்டிய துரையின் கார். பக்கத்து வீட்டு ராணி அக்கா மூச்சிரைக்க மேடேறி வந்து சொன்னாள். "படம் புடிச்சதும் வாரேன், நீ போ" என்றீர்கள். துரை சட்டை மாற்ற வேண்டும், மேகம் விலக வேண்டும். நீங்கள் நம் லயத்து வீட்டுக்கு வந்தபோது தம்பி அம்மா மடியில் குளிர்ந்து கிடந்தான். அவனுக்கு இரண்டு வயது.

அதற்கும் ஒரு கதை வைத்திருந்தீர்கள். துரையின் தாத்தா அந்த விளக்கின் காவலராம். பிள்ளை சாகக் கிடந்தும் விளக்கை விட்டு வரவில்லையாம். கடமை, கடமை என்று கள்ளுக்கடை வரைக்கும் போய்ச் சொன்னீர்கள்.

இதைக் கேளுங்கள். காவலர்களின் பழைய வீட்டைத் தீவுக்காரர்கள் நினைவகமாக வைத்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்காவது ஆபத்து என்றால் கரையில் உள்ள கம்பத்தில் பெரிய கறுப்புப் பந்தை ஏற்றுவார்களாம். பாறையில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டுப் படகுக்குத் தயாராக நிற்பார். துரையின் தாத்தாவும் நின்றிருக்கிறார், மூன்று நாள். கடல் விடவில்லை. உங்களை எது விடவில்லை? பங்களாவுக்கும் லயத்துக்கும் நடுவில் ரப்பர் மரங்கள்தானே இருந்தன?

உங்கள் படமும் அங்கே இருக்கிறது. காவலர்கள் எல்லாருக்கும் அங்கே பெயர்ப்பலகை உண்டு, சாமான் வண்டி இழுத்த குதிரைக்கும் உண்டு. துரையின் படத்துக்குக் கீழே அவர் பெயரையும் நாயின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் இல்லை. படத்தை வெட்டிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் நாய்ச் சங்கிலியைப் பிடித்த கை மட்டும், மணிக்கட்டு வரை. பிள்ளையைக் கொடுத்து நீங்கள் வாங்கிய இடம் அவ்வளவுதான்.

நான் அழவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி, நரம்பு புடைக்க இறுக்கியிருந்தீர்கள். தம்பியைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது என் கையையும் அப்படித்தான் பிடித்திருந்தீர்கள். வலித்தது. அப்படிப் பிடிக்கிற மனிதர் சிரித்திருக்க மாட்டார். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ஊர் திரும்பி வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள். "சிரிச்சாரும்மா, நல்லா பல்லு தெரிய" என்றேன்.

நீங்கள் செத்த நாளிலிருந்து மூன்று வருடமாக மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த உங்கள் படத்தை அவள் கழற்றி அலமாரிக்குள் கவிழ்த்து வைத்தாள். பிறகு எனக்குத் தேத்தண்ணி கலக்கப் போனாள்.

உண்மையைச் சொல்லிவிடுவேன், சத்தியமாக. கல்லறைத் திருநாள் முடியட்டும். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அதுவரை இருப்பாளா என்று எனக்கும் பயம்தான். இருந்தாலும் பொறுக்கிறேன். அன்று நாங்கள் இருவரும் தம்பிக்கு மட்டும் மெழுகுவத்தி கொளுத்துவோம். ஒரு வருடமாவது நீங்கள் இருட்டில் இருந்து பாருங்கள்.

இப்படிக்கு,
அந்தோணியின் அக்கா