முப்பதாவது சட்டை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவுக்குச் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது, என் முதுகுவலி பழைய வலிதான், புதிதாக எதுவும் சேரவில்லை. அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு மற்றதை எழுதுகிறேன். போன வாரம் போனில், "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டாய், ஜலதோஷம் என்றேன். அது பொய். அப்பா பக்கத்து அறையில் இருந்தார், கதவு திறந்து கிடந்தது. மறைத்தது எனக்கே பிடிக்கவில்லை, போனில் சொன்னாலும் பாதியில் நீ அழுவாய் இல்லாவிட்டால் நான் அழுவேன், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். பதறாமல் கடைசிவரை படி.

விஷயம் அப்பாவின் பில்லியர்ட்ஸ் லீக்கைப் பற்றியது. சிரிக்காதே. நீ பார்த்தபோது இருந்தது போலவேதான் இருந்தது, ஆறு அணி, அணிக்கு ஐந்து பேர், டயர் கடைக்கு மேலே மாடியில் நான்கு மேசை, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டம். யாரும் அதில் சம்பாதிக்கவில்லை, டாக்ஸி ஓட்டுகிறவர்கள், பாங்க் காசாளர், மனைவி போன பிறகு வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் வீட்டைவிட்டு வெளியே வரும் பழைய தபால்காரர், இப்படிப்பட்டவர்கள்தான். இத்தனை வருஷமும் பெயிண்ட் கடைக்காரர் செலவை ஏற்றுக்கொண்டார், சட்டையில் அவர் கடைப் பெயர் இருந்தால் போதும் என்பார். இந்த வருஷம் அவர் கடையை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். மாடிக்குச் சொந்தக்காரம்மாவோ சீசன் முழுவதற்கும் வாடகையை மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் மாடியை உடற்பயிற்சிக் கூடத்துக்கு விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அப்பாதான் செயலாளர், எல்லாம் அவர் தலையில் விழுந்தது. நான் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த ஆட்கள்தானே இந்த ஊரில் பாதிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த உரிமையில் என் வகுப்பு முடிந்ததும் நானும் அவரோடு கடை கடையாக ஏறி இறங்கினேன். மருந்துக்கடைக்காரர் இது சூதாட்டம் இல்லையே என்று மூன்று தடவை கேட்டார். பல் டாக்டர், "உங்க ஆட்டத்துல யாருக்காவது பல்லு உடையுமா சார்? உடையும்னா சொல்லுங்க, இப்பவே தர்றேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அப்பாவும் சிரித்தார். வெளியே வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்தான் மெத்தைத் தொழிற்சாலை முதலாளி. அவரும் என்னிடம் படித்தவர்தான், பின்பக்கமாக வண்டியை நிறுத்தும் தேர்வில் இரண்டு தடவை தோற்றவர். அப்பா தனியாகப் போய்ப் பார்த்தார், மனிதர் ஐந்தே நிமிஷத்தில் முழுச் செலவும் என்னுடையது என்று சொல்லி செக் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று அப்பா வீட்டுக்குள் நுழைந்த நடையை நீ பார்த்திருக்கவேண்டும், பத்து வயது குறைந்துவிட்டது. எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னார், முப்பது சட்டைக்கு அச்சகத்தில் சொல்லிவிட்டு வந்தார், முதுகில் ஆட்டக்காரர் பெயர், நெஞ்சில் மெத்தைக் கம்பெனியின் பெயர். இரண்டு நாள் கழித்து முதலாளி மறுபடியும் கூப்பிட்டனுப்பினார், ஆட்டக்காரர் பட்டியலையும் கொண்டுவரச் சொன்னார். போனார். திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. கேட்டதற்கு வெயில் என்றார். செக்கை பாங்கில் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்தார். அதன் பிறகு ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், ஏதாவது சொன்னால் என்மேல் எரிந்து விழுவார்.

சட்டைகள் வந்த அன்றுதான் எனக்கு விளங்கியது. பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினேன், இருபத்தொன்பதுதான் இருந்தது. பெயர்களைப் பார்த்தேன், கேப்டனுடையது இல்லை. நீ புறப்பட்ட அன்று உன் பெரிய பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கினாளே, எல்லாரும் கேப்டன் என்று கூப்பிடுவார்களே, அவள்தான். அவள் அதே மெத்தைத் தொழிற்சாலையில் நுரை வெட்டும் பிரிவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள், இடது கையின் கடைசி இரண்டு விரலும் அந்த மெஷினில்தான் போயிற்று. அவளுடைய கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிவைத்தது, அவள் விடாமல் தொழிலாளர் நீதிமன்றம்வரை போய், மெஷினில் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள் என்று நிரூபித்து ஜெயித்தாள். இப்போது பார்சல் கிடங்கில் வேலை. மிச்சமிருக்கும் மூன்று விரலை மேசையில் முக்காலி போல் ஊன்றி அதன் மேல் கோலை வைத்து அவள் அடிக்கும் அடியை நீயே பார்த்திருக்கிறாய். அச்சகத்துத் தவறு என்று அப்பா சொன்னார், என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். அச்சகத்துக்குப் போன் போட்டேன். "சார்தான்க்கா அந்த ஒரு பேர மட்டும் அடிக்க வேணாம்னு சொன்னாரு" என்றார் அச்சகக்காரர்.

நீ பிறந்ததிலிருந்து அப்பா என்னிடம் கத்தியதில்லை, அன்று கத்தினார். "அவ என் கம்பெனி பேரப் போட்டுக்கிட்டு நிக்கக் கூடாது, இந்த ஒரு சீசன் அவ ஒதுங்கி இருக்கட்டும், இல்லன்னா செக்கத் திருப்பிக் குடுத்துடுங்கன்னு சொல்லிட்டான். நான் என்ன பண்ணட்டும்? ஒருத்திக்காக இருபத்தொம்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்றியா? அந்தத் தபால்காரர் ஞாயித்துக்கிழமை எங்க போவாரு, நீ சொல்லு!" என்றார். உன்னிடம் மறைக்க மாட்டேன், அவர் சொன்னதில் ஞாயம் இருக்கிறதோ என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு சீசன்தானே, நாலு மாதம்தானே, அவளிடம் பக்குவமாகச் சொன்னால் புரிந்துகொள்வாளே என்று மனசு கணக்குப் போட்டது. பிறகு அந்த இருபத்தொன்பது சட்டையையும் பார்த்தேன். "நீங்க முடிவு பண்ணிட்டீங்கன்னா அத அவகிட்ட நேர்ல சொல்லுங்க, அச்சகக்காரர விட்டுச் சொல்ல வேணாம்" என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் போகலாம் என்றார்.

சாவியை அவரே வாங்கிக்கொண்டார். பயிற்சிக் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, உனக்குத்தான் தெரியுமே. வழியெல்லாம் என் கால் அதன் மேலேயே இருந்தது. மிதித்து வண்டியை நிறுத்தி, வேண்டாம் திரும்புங்கள் என்று சொல்லிவிடலாமா என்று மூன்று இடத்தில் நினைத்தேன். மிதிக்கவில்லை. மிதித்தால் அது என் முடிவாகிவிடும், நாளைக்கு அவர் அதன்மேல் சாய்ந்துகொள்ளலாம். அவள் வீட்டுத் தெருமுனையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். நானும் அசையவில்லை. பின்னால் வந்த வண்டிக்காரன் ஹார்ன் அடித்த பிறகுதான் இறங்கினார்.

அவள் வேலைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நாற்காலியில் இருந்த துணியை எடுத்து இடம் பண்ணினாள், தண்ணீர் கொண்டுவந்தாள். அப்பா கிடங்கு வேலை எப்படி என்று கேட்டார், மழை வருமா என்று கேட்டார், தெரு விளக்கு எரிகிறதா என்று கேட்டார். சொல்ல வந்ததை மென்று மென்று விழுங்கினார். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகத்தான் பேசினாள், சத்தம் போடவில்லை. "அண்ணே, தொழிற்சாலையில இன்னும் எனக்கு ஆளுங்க இருக்காங்க. என்ன நடந்துச்சுன்னு போன வாரமே தெரியும். நீங்க கேக்க வந்தத கேளுங்க. கேட்டா நான் சரின்னு சொல்லிடுவேன், உங்களுக்காக இல்ல, மத்தவங்க ஆடணுமேன்னு. ஆனா என் மூஞ்சியப் பாத்து, உங்க வாயால கேக்கணும். மெஷின்ல கை போன அன்னைக்குக்கூட அந்த ஆளு வரல, மேஸ்திரிய விட்டுத்தான் சொல்லி அனுப்பினாரு."

மகளே, அந்த அறையில் இஸ்திரிப் பெட்டி சூட்டில் க்ளிக் க்ளிக் என்று அடங்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்பாவின் வாய் திறந்தது, மூடியது. அவர் கேட்டுவிடுவார் என்றே நினைத்தேன். கேட்டிருந்தால் அவரோடு அதே காரில் எப்படி வீட்டுக்கு வருவேன் என்றுதான் என் மனசு ஓடியது. அவர் டம்ளரில் இருந்த தண்ணீரை முழுவதும் குடித்தார், கீழே வைத்தார், தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ரெண்டாம் மேசைத் துணி கிழிஞ்சு கிடக்கும்மா, ஞாயித்துக்கிழமை மாத்தணும். ரெண்டு மணிக்கு வந்துடு" என்றார். அவள் அவரையே பார்த்தாள். "சுத்தியலும் ஆணியும் நான் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றுவிட்டாள். தோள் மட்டும் குலுங்கியது. நாங்கள் சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டோம்.

அடுத்த நாளே அப்பா செக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். முதலாளி மரியாதையாகத்தான் பேசினாராம், "பின்னாடி வருத்தப்படுவீங்க சார்" என்று மட்டும் சொன்னாராம். அதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை மாடியில் எல்லாரையும் நிற்கவைத்து அப்பா நடந்ததைச் சொன்னார், மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு. "நம்மள்ல ஒருத்தர வெளிய தள்ளச் சொன்னாங்க. முடியாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி நானே அந்தப் பேர அடிக்க வேணாம்னு சொல்லியும் ஆச்சு. அதுக்கு உங்க முன்னாடி அவங்ககிட்ட மன்னிப்பு கேக்கறேன்." பாங்க் காசாளர்தான், இருபது வருஷ சிநேகிதர், "மன்னிப்ப வச்சு மாடி வாடகை கட்ட முடியுமா?" என்று கேட்டுவிட்டுத் தன் அணி ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார். டாக்ஸிக்காரர்கள் அணியும் பின்னாலேயே போனது, அவர்களுக்கு மெத்தைக் கம்பெனியில் தினசரி சவாரி இருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேப்டன் எழுந்து, "நான் போயிடறேன், மத்தவங்க இருங்க" என்று கோலை உறையில் போட்டாள். தபால்காரர் அந்த உறையைப் பிடித்து இழுத்து, "உக்காரும்மா, நீ போயிட்டா நான் யாரத் தோக்கடிக்கிறது" என்றார். இந்த எட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் அவளைத் தோற்கடித்ததில்லை. அப்போதுதான் முதன்முதலாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளை எப்படித் தள்ளினோம் என்று இப்போது கேட்டால் தெரியவில்லை. கடைசியில் கீழே இருக்கும் டயர் கடைக்காரர் தானாக மேலே ஏறி வந்தார். உடற்பயிற்சிக் கூடம் வந்தால் இரும்புத் தட்டு விழும் சத்தம் முழுவதும் தன் தலைமேல்தான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "உங்க பந்துச் சத்தமே எனக்கு ஜாஸ்தி. அதுக்கு மேல என்னால தாங்க முடியாது" என்று சொல்லி மாடியில் பாதியை டயர் கிடங்காக எடுத்துக்கொண்டு பாதி வாடகையை ஏற்றுக்கொண்டார். மிச்சத்தை இருபது பேரும் பங்கு போட்டார்கள், என் டிரைவிங் பள்ளியின் பெயரையும் சுவரில் ஒரு பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். நான்கு அணி, இரண்டு மேசை, கூரைவரை அடுக்கிய டயர், மூலைப் பந்தை அடிக்கக் கோலைப் பின்னால் இழுத்தால் டயரில் இடிக்கிறது. ரப்பர் நாற்றம் அப்பாவின் சட்டையில் இரண்டு துவைப்புக்கும் போகவில்லை. மெத்தைக் கம்பெனி பெயர் போட்ட அந்த இருபத்தொன்பது சட்டையும் வந்த பெட்டியிலேயே கிடக்கிறது, யாரும் போடவில்லை. ஆட்டம் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. ஆனால் மெத்தைக் கம்பெனியிலிருந்து என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த மூன்று பேர் ஒரே நாளில் நின்றுவிட்டார்கள். காசாளர் தெருவில் அப்பாவைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார். அப்பா அன்றைக்கெல்லாம் சரியாகச் சாப்பிடுவதில்லை.

உன் அத்தைக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வாக்கரை வைத்துக்கொண்டு நடக்கிறாள், நர்ஸை விரட்டுகிறாள். நீ அந்தக் கடைவாய்ப் பல்லை இன்னும் காட்டவில்லை என்று எனக்குத் தெரியும், வலிநிவாரணி மாத்திரை சாப்பிட்டுத் தள்ளிப்போடாதே. வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, அவசரப்படுத்தினால் நாளைக்குத் தருகிறேன் என்று சொல்.

இதையெல்லாம் உனக்கு எழுதவேண்டாம் என்றுதான் அப்பா முதலில் சொன்னார், பிள்ளை அங்கே தனியாக இருக்கிறாள், என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்றார். இன்று காலை ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "எழுது. செக்கத் திருப்பிக் குடுத்தத மட்டும் எழுதாத. பேர எடுக்கச் சொன்னதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அவரைக் கூப்பிடு. தெரியாதது போல் நடிக்காதே, அவர் அதைத் தாங்கமாட்டார். நீ எங்கே இருந்தாலும் நல்லவர்கள் நடுவில், நிமிர்ந்த தலையோடு, குறையில்லாமல் இருக்கவேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா