கால் நீட்டி ஓட்டும் சைக்கிள்

அன்பு மகள் ரம்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், சினையாட்டுக்கும் சுகம், என் இடுப்பு மட்டும் வழக்கம்போல. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஏசிக் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்கக் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் இருந்துகொண்டு தன் அண்ணனுக்குப் பரிந்து பேசுகிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கத்தாருக்குக் கிளம்பிய அன்று அம்மா ஏர்போர்ட்டுக்கு வரவில்லையே என்று இன்னமும் உனக்கு மனதில் இருக்கும். இந்த இடுப்போடு பஸ்ஸில் உட்கார முடியாது, என் காரில் சாய்ந்தபடி வா என்று சொன்னது உன் பெரியப்பா பிச்சைமுத்துதான். நீயும் அப்பாவும் பெட்டியோடு முன்னால் போய்விட்டீர்கள், நான் உனக்குச் சுட்ட முறுக்கோடு ரோட்டில் நின்றேன். கார் வந்தது, உள்ளே அவருடைய மச்சினன் குடும்பம், என்னைப் பார்த்தார், ஒதுங்கு என்று ஹாரன் அடித்துவிட்டுப் போனார். பிறகு கேட்டதற்கு எடமில்லத்தா என்றார். அந்த முறுக்கை நான் தின்னவில்லை, ஆட்டுக்குப் போட்டேன். இனி எவர் வண்டிக்கும் காத்து நிற்பதில்லை என்று அன்றைக்கே முடிவுசெய்தேன்.

செல்லில் ஒரு வெள்ளைக்காரி சாய்ந்து படுத்தபடி சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்தேன். உனக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளையும் அப்பாவின் பழைய சைக்கிளையும் வெல்டிங் கடை இருளாண்டியிடம் கொண்டுபோய், பெடலை முன்னால் வை, கால் அறுத்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்னால் சாய்த்து வை என்றேன். யக்கா, இப்படிப் படுத்துக்கிட்டுப் போகப் பாடைதான் இருக்கே என்று சிரித்தான், ஆனாலும் ரெண்டு சங்கிலியைக் கோத்து நீளமாக்கிச் செய்து கொடுத்தான். முதல்நாள் கண்மாய்க்கரையில் என் காலையே பார்த்துக்கொண்டு ஓட்டிக் கருவைமுள்ளுக்குள் விழுந்தேன். இப்போது குளத்தூர் வரைக்கும் வலியில்லாமல் போய்வருகிறேன். வண்டி தாழ்வு, மினிபஸ்காரனுக்குத் தெரிய உன் சிவப்புத் தாவணியைக் கம்பில் கட்டியிருக்கிறேன்.

இதில் ஒரு சங்கதி, ரெண்டு பாதமும் நேரே முன்னால் நீட்டிக்கொண்டுதான் போகும். உன் பெரியப்பா வந்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றவள் நான். இப்போது அவர் வாசலில் பேப்பர் படிக்கும் நேரம் பார்த்துக் கிளம்புகிறேன். அவர் வீடு தெரு வளைவில் இருக்கிறதா, என் உள்ளங்கால் ரெண்டும் அவர் முகத்துக்கு நேரே போய்த்தான் திரும்பும். வேண்டுமென்றே மெதுவாகத் திருப்புவேன், மனசு குளிர்ந்துபோகும்.

போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். முனி கோயில்ல மட்டும் எறங்கித் தள்ளிக்கிட்டுப் போறியே, என் வாசல்ல எறங்குனா கொறஞ்சா போயிருவ என்று கேட்டார். முனி என்னய ரோட்டுல நிக்க வச்சுட்டுப் போகலைங்க என்றேன். ஆட்டுக்குத் தழை போடுகிறேன் என்று நழுவிய உன் அப்பா, அவர் போகும்வரை திரும்பவே இல்லை.

பொங்கலுக்கு நீ வரும்போது கார் அனுப்புவதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறாராம். ஏறிவிடாதே. பஸ்ஸில் வந்து இறங்கு, நான் நிற்பேன். வழியனுப்பத்தான் விடவில்லை, என் பிள்ளையை அழைத்துவர எனக்கு எவர் தயவும் வேண்டாம். இருளாண்டியிடம் கேரியர் வைக்கச் சொல்லிவிட்டேன், பெட்டியை அதில் கட்டிவிட்டு நீ பக்கத்திலேயே நடந்து வா.

நோய்நொடி இல்லாமல் நல்லா இரு தங்கம், தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. வரும்போது சத்தமாக அடிக்கும் ஹாரன் ஒன்று வாங்கி வா, அந்த வளைவில் வைத்து நீதான் அடிக்க வேண்டும்.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
செவந்தி