கோமதி வீட்டு ஹோம் நர்ஸ்

என் பிரியப்பட்ட கோமதிக்கு,

உன்னோடு பேசாமல் இத்தனை நாள் இருந்தது இதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டால்கூட, மத்தியான மணி அடிப்பதற்குள் ஒருத்தி மற்றவளின் பையைப் பிடித்து இழுத்துவிடுவாள். நீ செத்துப்போனதால் நான் வாயடைத்துப் போயிருக்கிறேன் என்று ஊரில் நினைக்கிறார்கள். அது இல்லை. உன்மேல் எனக்குக் கோபம். இறந்தவர்கள்மேல் கோபம் வைக்கக் கூடாது என்று எங்கள் பாஸ்டர் சொல்கிறார். அவருக்கு உன்னைத் தெரியாது.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் உமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. உன் வீட்டுக்காரருடைய அண்ணன், திருவனந்தபுரத்துப் பெரியப்பா, கொண்டுவந்த சம்பந்தம். பையன் நல்ல பையன் என்கிறார்கள். நேற்று உமா பத்திரிகையோடு என் வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்தாள், காப்பி குடித்தாள். ஆமாம், என் அடுக்களையில் போட்ட காப்பிதான். உன்னைப்போல் அவளுக்குத் திங்களும் வெள்ளியும் விரதம் வருவதில்லை. குடித்து முடித்துவிட்டு, பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஆன்ட்டி, கல்யாணத்துக்கு நீங்க கண்டிப்பா வரணும். ஆனா பெரியப்பா ஆளுக எல்லாரும் உண்டு. அதனால, அன்னைக்கு உள்ளதுபோல…"

அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வழியில்லை. நீ படமாகி, கழுத்தில் மாலையோடு சுவரில் இருந்தாய். நான் சொல்கிறேன், கேள்.

உன் பதினாறாம் நாள். உங்கள் வீட்டு வழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். சாவுக் காரியங்களுக்கு உழைத்தவர்களைக் கூப்பிட்டு அன்று துணி கொடுப்பார்கள். விறகு அடுக்கியவர், சிரைத்தவர், துணி வெளுத்தவர், பந்தல் போட்டவர். சொந்தக்காரர்களும் ஒருவருக்கொருவர் புதுத்துணி கொடுத்துக்கொள்வார்கள். அது வேறு, அது உள்ளே விளக்குக்கு முன்னால் நடக்கும். இரண்டில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நான் அடுக்களை வாசலோரம் நின்றிருந்தேன். பெரியப்பா என்னைப் பார்த்து வரும்படி கைகாட்டினார். அவர் கையில் கசவுச் சரிகைக் கரை போட்ட முண்டும் மேலே போடுகிற நேரியதும் இருந்தன.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, கோமதி. ஐயோ, நம்மையும் வீட்டு ஆளாக எண்ணிவிட்டார்களே என்று நினைத்தேன். எங்கள் சபையில் இப்படியெல்லாம் துணி கொடுக்கிற வழக்கம் இல்லை, எப்படி வாங்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. இரண்டு கையையும் நீட்டி வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்கதான் அந்த ஹோம் நர்ஸ், இல்லியா?" என்றார் பெரியப்பா. "கோமதி சொல்லியிருக்கா. நல்லா நோக்கினீங்க. இனி வேற வீடு கிடைச்சாச்சா? எனக்கு அறிஞ்ச ஒரு வீட்டில அம்மைக்கு ஆள் தேடுதாங்க. வேணும்னா நான் சொல்லுதேன்."

அவர் பேச்சில் கேலி இல்லை. நல்ல மனிதர். உண்மையாகவே எனக்கு ஒரு வழி செய்துவிட நினைத்தார். அதுதான் தாங்க முடியவில்லை. உமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இப்ப நான் வேலைக்குப் போறதில்ல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எதற்கு அவரை சார் என்றேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

அந்தத் துணி பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. கட்டவும் மனம் இல்லை, யாருக்காவது கொடுக்கவும் மனம் இல்லை.

உனக்கு இடப்பக்கம் தளர்ந்துபோன அன்று நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது நானும் என் டிரைவரும். கையும் காலும் போனதே தவிர உன் வாய்க்கு ஒரு கேடும் வரவில்லை, படுத்த இடத்திலிருந்தே வீட்டை ஆட்டிவைத்தாய். உன் வீட்டுக்காரர் போன பிறகு உமா வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அதனால் பகல் முழுவதும் நான் வந்தேன். வளைகுடா ஆஸ்பத்திரிகளில் யார் யாரையோ குளிப்பாட்டிய கை இது, உன்னைக் குளிப்பாட்டுவதற்கு என்ன? மீன் வாடை உனக்கு ஆகாது என்று மீன் படாத புதுச் சட்டி ஒன்று வாங்கி, அதில் உனக்குக் கஞ்சியும் பயறும் வைத்துக் கொண்டுவந்தேன். அத்தனை வருடமும் என் வீட்டில் வாழைப்பழமும் இளநீரும் தவிர நீ எதையும் வாயில் வைத்ததில்லை. முதல் நாள் கஞ்சியை நீ குடித்ததும், "இன்னும் கொஞ்சம் உண்டா பிள்ளே?" என்று கேட்டாய். எனக்கு அது ஏதோ பெரிய பரிசு கிடைத்ததுபோல் இருந்தது.

உன் சொந்தக்காரர்கள் வருகிற நாளில் மட்டும் நீ வேறு ஆளாக இருப்பாய். நான் கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்தால் முகத்தைச் சுளிப்பாய். "குடிக்க வெள்ளம் எடுத்துட்டு வா" என்பாய், பெயர்கூடச் சொல்லாமல். "இனி போயிட்டு சாயங்காலம் வா" என்பாய். நோயாளிக்கு எரிச்சல் வரும், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் ஆட்களின் வளவளப் பேச்சிலிருந்து என்னைக் காப்பாற்றுகிறாய் என்றுகூட நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

பதினாறாம் நாள் சாயங்காலம் உமா பின்வாசல் வழியாக என்னைத் தேடி வந்தாள். அழுதுகொண்டே சொன்னாள்.

"அம்மை சொல்லித்தான் ஆன்ட்டி. ஹோம் நர்ஸ் வைக்க நமக்கு வழியில்லைன்னு பெரியப்பா ஆளுக அறியப்பிடாதுன்னு சொன்னா. உங்க வீட்டுக் கஞ்சி குடிக்கியதும் அறியப்பிடாதுன்னு சொன்னா. ரெண்டும் அம்மைக்கு வெட்கமாக்கும்."

"ரெண்டில எது கூடுதல் வெட்கம் மோளே?" என்று கேட்டேன்.

"அது அம்மை சொல்லல்ல" என்றாள்.

அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். கையில் காசில்லாமல் போனதற்கு வெட்கப்பட்டாயா? என்னால் அதைப் புரிந்துகொள்ள முடியும், அந்தப் பாடு எங்கள் வீட்டுக்குத் தெரியாததா? அல்லது என்னைச் சொல்ல வெட்கப்பட்டாயா? அப்படியானால் உனக்கு என்னிடம் மன்னிப்பு இல்லை. தினமும் காலையில் ஒன்று என்று முடிவு செய்கிறேன், பகலுக்குள் மற்றது என்று தோன்றிவிடுகிறது.

நம் இரண்டு வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். உன் தாத்தா ராஜா காலத்துக் கச்சேரியில் கணக்கெழுதியவர். என் தாத்தா உங்கள் விளைத் தோட்டத்தில் பனை ஏறியவர், உங்கள் நிலத்தைப் பாட்டத்துக்கு, குத்தகைக்கு, எடுத்து மரச்சீனிக் கிழங்கு நட்டவர், உங்கள் முற்றத்தோடு நின்று பேசிவிட்டுத் திரும்பியவர். பிறகு மிஷன் பள்ளிக்கூடம் எங்கள் வீட்டுப் பெண்களை வெளியே இழுத்தது. அம்மை லேஸ் பின்னினாள், அத்தை டீச்சரானாள், நான் நர்ஸாகி விமானம் ஏறினேன். நிலச்சட்டம் வந்தபோது நாங்கள் குடியிருந்த இடம் எங்களுக்கு ஆனது. உங்களுக்கு மிச்சமிருந்ததை ஒரு கல்யாணத்துக்குக் கொஞ்சம், ஒரு படிப்புக்குக் கொஞ்சம், கடைசியில் உன் வீட்டுக்காரர் ஜவுளிக்கடை நொடித்தபோது மீதி என்று விற்றீர்கள். அதில் ஒரு துண்டில்தான் இந்த மாடிவீட்டைக் கட்டினேன். பால்காய்ப்பு அன்று வந்து, தரையைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்க அப்பூப்பன் வாழை வச்ச இடமாக்கும் இது" என்று உன் தாத்தாவை நினைத்துச் சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அதில் உனக்கு ஒரு வலி இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அதை நீ என்னிடம் சண்டையாகவே போட்டிருக்கலாம்.

எல்லார் கதையும் இப்படி இல்லை. எங்கள் சபையில் இன்றும் கல்லுடைக்கவும் ரப்பர் வெட்டவும் போகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆட்களில் டாக்டரும் ஆடிட்டரும் கட்டடக் கம்பெனி நடத்துகிறவரும் இருக்கிறார்கள், பெரியப்பாவின் காரைப் பார்த்தாலே தெரியும். வெளியே போனால் நாம் இரண்டு பேரும் ஒன்றுதான். பெரிய பள்ளிக்கூடத்தில் மலையாளத்துப் பிள்ளைகள் நம் தமிழைக் கேலி செய்து, நம் இருவரையும் சேர்த்துத்தானே "பாண்டி" என்று கூப்பிட்டார்கள்? நீ ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்தாய், நான் அவளுடைய மைக்குப்பியைக் கவிழ்த்தேன். அன்றைக்கு யார் தாத்தா பனை ஏறினார், யார் தாத்தா கணக்கெழுதினார் என்று நமக்குள் வரவே இல்லை.

பணம் இந்தப் பக்கம் வந்துவிட்டது, கோமதி. ஆனால் ஒரு பொய் சொன்னால் அது நம்பும்படி இருக்க வேண்டும். நீ சொன்ன பொய்யை உன் சொந்தம் மொத்தமும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பியது. பொட்டில்லாத நெற்றியும் என் பேச்சும் அந்த வீட்டுக்குள் தெரிந்தால், வேலைக்கு வந்தவள் என்றுதான் அவர்களுக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கு அப்படித் தோன்றும் என்பது உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தாய். நான் ஒரு டாக்டரின் பெண்டாட்டியாக வந்து நின்றிருந்தாலும் இது நடந்திருக்கும்.

என் அண்ணன் ஸ்டீபன் அப்போதே சொன்னான். "நம்ம அப்பூப்பனை முற்றம் தாண்ட விட்டவங்களா அவங்க? அங்க போய் நீ மூத்திரச்சட்டி எடுக்கியாக்கும். நாளைக்கு உனக்க பேரைச் சொல்லுவாங்களா, பாரு." நான் அவனை வாயடைக்க வைத்தேன். அது பழைய காலம், கோமதி அப்படிப்பட்டவள் இல்லை, எங்கள் இரண்டு பேர் நடுவில் யாரும் வராதீர்கள் என்று கத்தினேன். அவனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும். அவன் ஜெயித்துவிட்டான். என்னைத் தோற்க வைத்தது அவனில்லை, நீ.

நேற்று உமாவுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பாய்.

"வாறேன் மோளே. ஆனா நர்ஸா வரமாட்டேன்" என்றேன்.

"பெரியப்பா கேட்டா ஆன்ட்டி?"

"கேட்டா உள்ளதைச் சொல்லுவேன். எனக்க கூட்டுக்காரிக்க மகளுக்குக் கல்யாணம், அதுக்கு வந்தேன்னு சொல்லுவேன்."

"அப்ப அம்மை பொய் சொன்னான்னு ஆகாதா?"

"ஆகும்" என்றேன்.

அவள் எழுந்தாள். பிறகு பத்திரிகையை என் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள். தாயைக் காட்டிக்கொடுக்கப் போகிறவள் என்று என்னை நினைக்கிறாளா, அல்லது அவளுக்கும் இந்தப் பொய் கனக்கிறதா, தெரியவில்லை. நீ செய்த காரியத்தைச் சுமக்கிறது அந்தப் பிள்ளை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை உமாவிடம்கூடச் சொன்னதில்லை. நீ போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நான் ஆராதனை முடிந்து நேரே உன்னிடம் வந்தேன். உனக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "அடுத்த ஜென்மம்னு ஒண்ணு உண்டுமானா, நீ எனக்க வீட்டில வந்து பிறக்கணும் ரோஸி. எனக்க தங்கச்சியா பிறக்கணும்." நான் சீப்பைப் போட்டுவிட்டு அழுதேன். இதற்குமேல் ஒருத்தி ஒருத்திமேல் என்ன பிரியம் வைக்க முடியும் என்று நினைத்தேன்.

இப்போது அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் எதற்கு உன் வீட்டில் வந்து பிறக்க வேண்டும்? நீ என் வீட்டில் வந்து பிறந்தால் என்ன? அவ்வளவு பிரியம் பொங்கிய நேரத்தில்கூட உனக்கு அப்படி ஒன்று தோன்றவில்லையே, கோமதி?

எங்கள் வேதத்தில் அடுத்த ஜென்மம் இல்லை. எனக்கு இருப்பது இது ஒன்றுதான். இதில்தான் நீ என்னைச் சொந்தம் என்று சொல்லியிருக்க வேண்டும். நீ சொல்லவில்லை, அதனால் நான் சொல்லப்போகிறேன். வாக்குத் தருகிறேன், உமா கழுத்தில் தாலி ஏறும்போது நான் முன்வரிசையில் இருப்பேன். உன் ஆட்களோடு பந்தியில் இலைபோட்டு உட்கார்ந்து சாப்பிடுவேன். யார் என்று எவர் கேட்டாலும் உன் பெயரைச் சொல்லி, அவளுடைய ஆள் என்று சொல்லுவேன். உனக்கு வெட்கமாக இருந்தால் பொறுத்துக்கொள், பிள்ளே.

இப்படிக்கு,
உன் வீட்டில் பிறக்காத உன் தங்கச்சி,
ரோஸ்பாய்