நீ மறுபடி பிடித்த மூன்று நாள் கொசுக்கள்

அண்ணா,

இன்று காலை நம் தெருவுக்கு மருந்தடிக்க வந்துவிட்டார்கள். மண்ணெண்ணெய் வாடை வீடெல்லாம் ஏறி, கூழில்கூட அதே ருசி. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். வாடையால் என்கிறாள். நானும் நம்பினேன்.

திண்டிவனம் மலேரியா முகாமில் நீ கொசு பிடிக்கச் சேர்ந்ததும் 'கொசு ஜோசியர்' என்று பட்டம் கட்டியவன் நான்தான். மாட்டுக்கொட்டகைச் சுவரில் உட்கார்ந்ததைக் குழாயால் உறிஞ்சி ஒரு புட்டியில் அடைப்பாய். வீட்டுக்குள் வலை கட்டி, கொசுவை இழுக்க நீயே அதில் படுப்பாய்; அங்கே சிக்கியது இன்னொரு புட்டிக்கு. அதிகாரி பூதக்கண்ணாடியில் பார்ப்பார். ரெக்கை ஓரம் முழுசாக இருந்தால் இளசு, நைந்திருந்தால் கிழடு.

"பொம்பளைக் கொசுகிட்ட வயசு கேட்டுக்கினு இருந்தா, கடிக்காம என்னா பண்ணும்?" என்பேன்.

"சிரிக்காதடா. கிழடுதான் காய்ச்சலைத் தூக்கிக்கினு வருது. அது எங்க அதிகமோ அங்கதான் மருந்தடிப்பாங்க."

கேட்டும் புத்தி வரவில்லை. ஜோசியரைச் சோதிக்க, புட்டிகளில் 'வீடு', 'கொட்டகை' என்று நீ ஒட்டிய சீட்டுகளை மூன்று நாளும் மாற்றி ஒட்டினேன். மூன்றாம் நாள் அதிகாரி, "கிழடெல்லாம் கொட்டகையிலதான். வீட்டுக்கு மருந்து வேணாம்" என்றார். நீ கண்ணாடியை வாங்கிப் பார்த்தாய். பிறகு முகாம் வாசலில் நின்ற என்னைப் பார்த்தாய். பாழாய்ப்போன சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, சீட்டு ஒட்டினதுல என் தப்பு. மூணு நாள் பிடிச்சதத் தள்ளிடுங்க. மறுபடி பிடிச்சித் தர்றேன்" என்றாய். அடித்திருக்கலாம் நீ.

உன் பேருக்கு நேரே சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று ஏறியது. கூட வேலை செய்தவர்கள், "ஜோசியரே, இன்னிக்கி எது வீடு, எது கொட்டகை?" என்றார்கள். நீ வலைக்குள் மறுபடி மூன்று இரவு படுத்தாய். மறுமாதம் குளிர்காய்ச்சல். விழுப்புரத்துக்கு ரயிலேற்றிக் கொண்டுபோனோம். நீ திரும்பவில்லை. அந்த மூன்று இரவாலா என்று யாராலும் சொல்ல முடியாதாம். கேட்டுவிட்டேன்.

நீ மறுபடி பிடித்ததைப் பார்த்துத்தான் இன்று மருந்து வந்தது. ஆனால் பம்பு தூக்கியவன், "கவனக்குறைவுக்காரன் வூடு இதானே?" என்றான். அம்மா காதில் விழுந்தது.

நேரே முகாமுக்குப் போனேன். "ஐயா, சீட்டை மாத்தினது நானு. எங்கண்ணன் இல்ல."

அதிகாரி பழைய நோட்டை எடுத்து உன் பேரை அடித்தார். "உன் பேரு?" என்றார். வாயில் நாலு வேடிக்கைப் பதில் வந்தது. விழுங்கிவிட்டு, பேரைச் சொன்னேன்.

அந்தச் சிவப்பு மைச் சொல்லை இத்தனை நாள் உன்னிடம் விட்டுவைத்திருந்தேன். இனி அதை நான் வைத்துக்கொள்கிறேன், அண்ணா.